நான்காவதாக வந்தவர் தோற்ற கதை: எங்கள் குடும்பக் குழுவில் இரண்டு நாள்

30 நவம்பர் 2024, சனிக்கிழமை

சித்தி (விழுப்புரம்): காலை முதல் மின்சாரம் இல்லை. புயல் இன்னும் கரையைத் தொடவேயில்லை, அதற்குள் கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது. கைபேசியில் 40 சதவீதம்தான் மிச்சம். பூப்படம், காலை வணக்கம் எதையும் யாரும் அனுப்ப வேண்டாம்.

பெரியப்பா (சென்னை): இங்கேயும் விடாத மழை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். பூங்கொடி, உங்கள் அயர்லாந்தில் நேற்றே ஓட்டுப்பதிவு முடிந்ததே, யார் ஜெயித்தார்கள்?

பூங்கொடி (டப்ளின்): இன்னும் ஒரு பெட்டியைக்கூடத் திறக்கவில்லை பெரியப்பா. இங்கே இப்போது காலை எட்டரை. ஒன்பது மணிக்குத்தான் தொடங்குவார்கள். எல்லாத் தொகுதியும் முடியத் திங்கள்கிழமைகூட ஆகலாம்.

பெரியப்பா: திங்களா? கடந்த ஜூன் 4 அன்று நாங்கள் 64 கோடி ஓட்டை ஒரே நாளில் எண்ணி முடித்தோம். உங்கள் நாட்டு மக்கள்தொகை எங்கள் சென்னையைவிடக் குறைவு!

பூங்கொடி: நீங்கள் பொத்தானை அழுத்தி எண்ணுகிறீர்கள். இங்கே பென்சிலால் எழுதிய தாள். அதுவும் ஒருவருக்கு மட்டும் போடுவதில்லை. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3 என்று வேண்டியமட்டும் எண் போட்டுக்கொண்டே போகலாம். ஒரு தொகுதிக்கு மூன்று, நான்கு அல்லது ஐந்து உறுப்பினர்கள். நான் எண்ணும் இடத்திலிருந்துதான் எழுதுகிறேன். தெருவுக்கு வாக்குக் கேட்டு வந்த ஒரு வேட்பாளரின் அணியினர், டாலி பிடிக்க, அதாவது பெட்டி திறக்கும்போதே யாருக்கு எத்தனை என்று பார்த்துக் குறித்துக்கொள்ள, ஆள் போதவில்லை என்றார்கள், வந்துவிட்டேன்.

சித்தி: எந்தக் கட்சிக்காகப் போயிருக்கிறாய்?

பூங்கொடி: அதைக் குழுவில் சொல்லமாட்டேன் சித்தி. சித்தப்பா அதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பார்.

பெரியப்பா: மாப்பிள்ளையும் ஓட்டுப் போட்டாரா?

பூங்கொடி: இல்லை. அவர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறார். நாடாளுமன்றத் தேர்தலில் அயர்லாந்து, பிரிட்டன் குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு. ஆனால் ஜூன் மாதம் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவரும் போட்டார். உள்ளாட்சிக்கு, இங்கே குடியிருந்தால் போதும், எந்த நாட்டுக்காரரும் போடலாம்.

கதிர்: அக்கா, மொத்தம் எத்தனை இடம்? யார் முன்னிலை?

பூங்கொடி: 174 இடம், 43 தொகுதி. நேற்றிரவு வந்த கருத்துக்கணிப்பில் மூன்று பெரிய கட்சிகள் 21.1, 21.0, 19.5 சதவீதம். யாருக்கும் எதுவும் தெரியாது என்று அர்த்தம். சரி, பெட்டி வருகிறது, பிறகு வருகிறேன்.

சித்தி: காற்று பலமாகிவிட்டது. கதிர், மாடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா? பதிலை இங்கே எழுதாதே, எழுந்து போய்ப் பார்.

பூங்கொடி: வந்துவிட்டேன். இடுப்புயரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அலுவலர்கள் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு தாளாக விரித்து, எழுத்து மேலே தெரியும்படி வைக்கிறார்கள். இந்தப் பக்கம் எல்லாக் கட்சி ஆட்களும் தோளோடு தோள் உரசி நின்றுகொண்டு, எந்தத் தாளில் யாருக்கு 1 என்று பார்த்துக் கோடு போடுகிறோம். நேற்றுவரை தெருவில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்கள் இன்று ‘அந்த மேசையை நீ பார், இதை நான் பார்க்கிறேன்’ என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் கணக்கையும் பகிர்ந்துகொள்கிறோம். அதிகாரபூர்வ அறிவிப்பு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, தோற்கப் போகிறவருக்குத் தோற்கப் போகிறோம் என்று தெரிந்துவிடும்.

பெரியப்பா: பெட்டி வாரியாகவா? அப்படியானால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பதும் வெளியே வந்துவிடுமே. எனக்கு அது பிடிக்கவில்லை. நம் ஊரில் வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது, ஓட்டுப் போடாத ஊரைப் பழிவாங்கக் கூடாது என்பதற்காக. இயந்திரம் வந்ததும் சாவடிவாரிக் கணக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. பல இயந்திரங்களின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் கருவி வேண்டும் என்று 2008-இல் தேர்தல் ஆணையமே கேட்டது. அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

பூங்கொடி: நியாயமான பயம்தான். இங்கே அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. தெருவைத் தெரிந்துகொள்வதுதான் அவர்களுக்கு வேடிக்கையே.

கதிர்: எண்ணிக்கை எப்படி என்று இன்னும் புரியவில்லை. 1, 2, 3 எல்லாவற்றையும் கூட்டிவிடுவார்களா?

பூங்கொடி: கூட்டுவதே இல்லை. ஒரு தாள் எப்போதும் ஒரே ஓட்டுதான், அது இருக்கும் இடம்தான் மாறும். நான்கு உறுப்பினர் தொகுதி, செல்லும் ஓட்டு 30,000 என்று வைத்துக்கொள். இடங்களோடு ஒன்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 6,000. அதோடு ஒன்று, 6,001. இதை எட்டினால் வெற்றி. ஏனென்றால் ஐந்து பேர் 6,001 எடுக்க ஓட்டு இருக்காது.

பெரியப்பா: இது நம் மாநிலங்களவைக் கணக்கு!! தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 பேர். ஆறு இடம் காலியானால் ஏழால் வகுப்போம். பத்திரிகையில் ‘ஓர் எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை’ என்று போடுகிறார்களே, அது இங்கிருந்துதான் வருகிறது. பெரும்பாலும் போட்டியின்றி முடிந்துவிடுவதால் எண்ணுவதையே நாம் பார்ப்பதில்லை.

பெரியப்பா: குடியரசுத் தலைவர் தேர்தலும் எண் போடும் முறைதான். 1969-இல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் முந்தினாலும் தேவையான அளவு கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்பங்களை எண்ணித்தான் சஞ்சீவ ரெட்டியை வென்றார்.

கதிர்: சரி, ஒருவர் 6,001-க்கு மேலே வாங்கிவிட்டால்?

பூங்கொடி: மிச்சம் வீணாகாது. ஒருவர் 8,001 வாங்கினால் உபரி 2,000. அவருடைய 8,001 தாளையும் இரண்டாம் விருப்பப்படி கட்டுக்கட்டாகப் பிரிப்பார்கள். பாதிப் பேர் ‘ஆ’ வேட்பாளருக்கு 2 போட்டிருந்தால் உபரியில் பாதி, அதாவது 1,000 தாள், ‘ஆ’வுக்குப் போகும். உபரி தீர்ந்தபின், கடைசியில் இருப்பவரை விலக்கி அவருடைய தாள்களை அடுத்தடுத்த எண்படி மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். இடங்கள் நிரம்பும்வரை சுற்றுமேல் சுற்று.

பெரியப்பா: நில். ‘ஆ’வின் கட்டில் 4,000 தாள் இருக்கிறது, 1,000 தாளை மட்டும் எடுக்கிறார்கள். எந்த ஆயிரம்?

பூங்கொடி: கட்டில் கடைசியாகச் சேர்ந்தவை. மேலே இருப்பவை.

பெரியப்பா: என்ன அநியாயம்! மேலே இருக்கும் ஆயிரத்தில் மூன்றாம் விருப்பம் ஒரு மாதிரியும் கீழே இருப்பதில் வேறு மாதிரியும் இருந்தால்? பிந்தைய சுற்றில் முடிவே மாறலாமே. நம் மாநிலங்களவைத் தேர்தலில் ஓர் ஓட்டுக்கு 100 மதிப்பு. உபரியை மாற்றும்போது எல்லாச் சீட்டையும் குறைந்த மதிப்பில் மாற்றுவோம். அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை.

பூங்கொடி: தாள்களை முதலிலேயே நன்றாகக் கலந்துவிடுகிறார்கள் பெரியப்பா. மறு எண்ணிக்கை வந்தால் அடுக்கு மாறாமல் அதே வரிசையில்தான் எண்ண வேண்டும் என்றும் விதி. இங்குள்ள மேலவைத் தேர்தலில் நீங்கள் சொல்வது போல ஓட்டுக்கு 1,000 மதிப்பு வைத்துப் பின்னத்தில் எண்ணுகிறார்கள். இந்தத் தேர்தலில் இன்னும் பழைய வழிதான்.

பெரியப்பா: வழி தெரிந்தும் செய்யவில்லை என்பது இன்னும் மோசம்.

கதிர்: ஓர் இயந்திரம் வாங்கினால் தீர்ந்தது.

பூங்கொடி: வாங்கினார்களே! 2002-இல் மூன்று தொகுதிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அதில் டப்ளின் நார்த் தொகுதியில் நோரா ஓவன் என்ற முன்னாள் அமைச்சர் தோற்றார். தாளாக இருந்திருந்தால் டாலி பார்த்து மத்தியானமே மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பார். இயந்திரம் என்பதால் மேடையில் திடீரென்று முடிவை வாசித்தபோதுதான் அவருக்கே தெரியவந்தது, அதுவும் தொலைக்காட்சி கேமராவுக்கு முன்னால். அதை இன்றும் இங்கே சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். 5 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி நாடு முழுவதற்கும் இயந்திரம் வாங்கினார்கள். 2004-இல் ஆராய்ந்த ஆணையம் இதை நம்பச் சொல்ல முடியாது என்றது. வருடக்கணக்கில் கிடங்கில் வாடகை கொடுத்து வைத்திருந்துவிட்டு, 2012-இல் பழைய இரும்பாக விற்றார்கள். கிடைத்தது 70,000 யூரோ சொச்சம்.

சித்தி: என் பழைய கிரைண்டருக்கு இதைவிட நல்ல விலை கொடுத்தார்கள்.

பூங்கொடி: இங்கே இயந்திரம் விற்ற அதே டச்சு நிறுவனத்தின் இயந்திரத்தைத்தான் ஜெர்மனியும் வைத்திருந்தது. 2009-இல் அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் அதன் பயன்பாடு செல்லாது என்றது. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் எண்ணிக்கையின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் காரணம். எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். தடுப்புக் கம்பியில் சாய்ந்து நிற்கும்போது அது இன்னும் பிடிக்கிறது.

பெரியப்பா: எங்கள் இயந்திரத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதே. நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்து நடத்தியவன். வாக்குப்பதிவுக்கு முன் முகவர்களை உட்காரவைத்து மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டுவோம், குறைந்தது ஐம்பது. மாலையில் பதிவான ஓட்டு எத்தனை என்று 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஒவ்வொரு முகவருக்கும் நகல். எண்ணும் மேசையில் அந்த எண் ஒத்துப்போக வேண்டும். உங்கள் டாலிக்காரர்களுக்கு நாங்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை.

கதிர்: 17சி எத்தனை ஓட்டு என்றுதான் சொல்லும், யாருக்கு என்று சொல்லாதே பெரியப்பா. அதற்குத்தானே ஒப்புகைச் சீட்டு வந்தது? கண்ணாடி வழியாக ஏழு வினாடி காட்டிவிட்டுப் பெட்டியில் விழுகிறது. அதை ஏன் முழுவதும் எண்ணக் கூடாது?

பெரியப்பா: ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிச் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணுகிறார்களே. முழுவதும் எண்ணக் கேட்ட வழக்கைத்தான் உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் தள்ளுபடி செய்துவிட்டது.

கதிர்: தள்ளுபடி ஆனது தெரியும். உங்கள் கருத்தைக் கேட்டேன்.

பெரியப்பா: யோசித்துச் சொல்கிறேன்.

சித்தி: இவர் யோசிக்கிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கைபேசியில் 22 சதவீதம்.

யசோ அண்ணி (யாழ்ப்பாணம்): எல்லோருக்கும் வணக்கம். இங்கேயும் இந்த வாரம் முழுக்க வெள்ளம், இப்போதுதான் பார்க்கிறேன். ஐயா, நான் செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு எண்ணும் கடமையில் இருந்தேன். எங்களுக்கும் 1, 2, 3 உண்டு. 1982 முதல் அந்த முறைதான் என்றாலும் இரண்டாவது விருப்பு வாக்கை எண்ணவேண்டி வந்தது இந்த முறைதான்.

பெரியப்பா: அப்படியா அம்மா! எப்படி நடந்தது?

யசோ அண்ணி: அநுர குமாரவுக்கு 42 வீதம், சஜித்துக்குக் கிட்டத்தட்ட 33 வீதம். ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. எங்கள் முறையில் ஒவ்வொருவராக விலக்குவதில்லை, முதல் இருவரைத் தவிர எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே. அவர்களுக்கு விழுந்தது கிட்டத்தட்ட 33 இலட்சம் வாக்கு. அதில் இந்த இருவருக்கும் விருப்பு இருந்தது வெறும் 2,73,131.

கதிர்: மீதி முப்பது லட்சம்?

யசோ அண்ணி: ஆட்கள் பழக்கத்தில் ஒரு புள்ளடியோடு நிறுத்திவிட்டார்கள். இங்கே தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு வாக்களித்தவர்களிடையே இரண்டாவதை யாருக்குக் கொடுப்பது, கொடுப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதமே நடந்தது. அந்த 2,73,131-இல் சஜித்துக்குத்தான் கூட, 1,67,867. ஆனாலும் இடைவெளியை மூடப் போதவில்லை.

பூங்கொடி: அதுதான் அண்ணி வித்தியாசம். இங்கே சிலர் பத்துப் பன்னிரண்டு வரைக்கும் எண் போட்டிருக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் மீது உள்ள வெறுப்பு அவ்வளவு துல்லியம்.

கதிர்: காம்பியாவில் தாளே கிடையாது தெரியுமா? வேட்பாளர் படம் ஒட்டிய இரும்பு உருளைக்குள் கோலிக்குண்டு போடுவார்கள். உள்ளே மணி ஒரு தடவை அடிக்கும். இரண்டு தடவை அடித்தால் கள்ள ஓட்டு. 2021 தேர்தலும் அப்படித்தான். சைக்கிள் மணியால் குழப்பம் வரும் என்று சாவடிப் பக்கம் சைக்கிளுக்கே தடை.

சித்தி: நம் தெருவில் அந்தச் சட்டம் வந்தால் காலையில் பால் வராது.

1 டிசம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை

சித்தி: புயல் நேற்றிரவு கடந்துவிட்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜ் போட்டேன். மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழையாம்.

பூங்கொடி: நிம்மதி சித்தி. அம்மாவும் இப்போதுதான் பேசினாள். பெரியப்பா, உங்களுக்காக ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் தொகுதி டப்ளின் சென்ட்ரல், நான்கு இடம். ஷின் ஃபேன் கட்சித் தலைவி மேரி லூ மெக்டொனால்டின் தொகுதி. ஜெரி ஹட்ச் என்று ஒருவர் சுயேச்சையாக நின்றார். ஒரு பெரிய கொலை வழக்கில் 2023-இல் விடுதலையானவர். அக்டோபரில் பணமோசடி விசாரணையில் ஸ்பெயினில் கைதாகி, ஜாமீனில் வந்து போட்டியிட்டார். நேற்று முதல் எண்ணிக்கையில் 3,098 ஓட்டு, நான்காவது இடம்.

பெரியப்பா: நான்கு இடம், நான்காவதாக வந்திருக்கிறார். அப்படியானால் எம்.பி.

பூங்கொடி: இல்லை. இன்று தோற்றுவிட்டார். விலக்கப்பட்டவர்களின் தாள் வரவர அவர் கட்டு மெதுவாகத்தான் உயர்ந்தது. அவருக்குப் பின்னால் இருந்த லேபர் கட்சியின் மரீ ஷெர்லக்குக்கு மளமளவென்று சேர்ந்தது. கடைசிச் சுற்றில் ஷெர்லக் அவரைத் தாண்டிவிட்டார். அரங்கமே அந்த ஒரு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா: முதல் விருப்பம் அதிகம் வாங்கியவரைக் கீழே தள்ளுவது எப்படி நியாயமாகும்? என்ன ஆளாக இருந்தாலும் ஓட்டு ஓட்டுதானே.

யசோ அண்ணி: அவருக்கு 1 போட்டவர்களின் வாக்கை யாரும் பறிக்கவில்லையே ஐயா. கடைசி வரை அவர் கட்டிலேயே இருந்திருக்கும்.

சித்தி: எனக்கு இது நன்றாகப் புரிகிறது. எனக்குப் பிடித்தவர் ஜெயிக்கமாட்டார் என்று தெரிந்தால், பிடிக்காதவர் வராமலாவது பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் அதற்காகப் பிடித்தவருக்கே போடாமல் வேறு யாருக்கோ குத்திவிட்டு வருகிறேன், ஒவ்வொரு தடவையும்.

பெரியப்பா: யாருக்கு?

சித்தி: அதையும் குழுவில் சொல்லமாட்டேன்.

கதிர்: பெரியப்பா, யோசித்துச் சொல்கிறேன் என்றீர்களே?

பெரியப்பா: யோசித்தேன். அச்சடித்த சீட்டு பெட்டியில் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் கூடுதலாகச் செலவானாலும் எண்ணிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பூங்கொடியின் ஆட்கள் மூன்று நாள் நிற்கிறார்கள், நமக்கு என்ன அவசரம்? ஆனால் நம் இயந்திரத்தைத் திருட்டு இயந்திரம் என்று யாராவது சொன்னால் அடிப்பேன்.

பூங்கொடி: யாரும் சொல்லவில்லை பெரியப்பா.

பெரியப்பா: அந்த மேலிருந்து ஆயிரம் தாள் எடுக்கும் விஷயத்தையும் ஒப்புக்கொள்ளமாட்டேன். இரவெல்லாம் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெருக்கமான போட்டியில் ஆள் மாறிவிடும்.

பூங்கொடி: அப்படியானால் இங்குள்ள அரசுக்கே எழுதுங்கள். முகவரி அனுப்பட்டுமா?

பெரியப்பா: அனுப்பு. தமிழில் எழுதித் தருகிறேன், கதிர் ஆங்கிலத்தில் மாற்றட்டும்.

கதிர்: எனக்கு நாளைக்குத் தேர்வு பெரியப்பா.

சித்தி: மழைக்குக் கல்லூரி விடுமுறை விட்டாயிற்று. எழுதிக் கொடு.