முக்கோணத் துண்டின் முனை சுருங்குகிறது, வழி சொல்லுங்கள்

தையல் தெரிந்தவர்களுக்கு வணக்கம்.

14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கம்பளி அங்கி ஒன்றை வீட்டில் தைத்துக்கொண்டிருக்கிறேன். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டத்தில் 1921இல் தோண்டி எடுத்த உடைகள்தான் எனக்கு மாதிரி. அவை இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே வேண்டிய விரிவை நீள நீளமான முக்கோணத் துண்டுகளைச் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்!

பக்கவாட்டுத் துண்டுகள் பேசாமல் உட்கார்ந்துவிட்டன. அங்கே எப்படியும் ஒரு தையல் வருகிறது. முன்பக்க நடுவில்தான் தகராறு. முழுத் துணியில் நேராக ஒரு கீறல் போட்டு, அதற்குள் முக்கோணத்தின் முனையைச் செருக வேண்டும். கீறலின் உச்சியில் தையலுக்கு விட இரண்டு இழைகூட மிஞ்சுவதில்லை. இயந்திரத்தில் மூன்று முறை தைத்தேன். மூன்று முறையும் தொப்புளுக்கு நேராகக் கொசுவம் வைத்தது போல ஒரு சுருக்கம். பிரித்துப் பிரித்து அந்த இடம் பஞ்சாகிவிட்டது.

இனிக் கைத்தையல்தான் என்று லினன் நூலில் தேன்மெழுகு தடவி வைத்திருக்கிறேன். முனையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குவதா, கீழிருந்து மேலே ஏறுவதா? கீறலின் ஓரத்தை மடித்து, முக்கோணத்தின் மேல் படியவைத்து, வெளிப்பக்கத்திலிருந்தே பொடித்தையல் போட்டால் சரியாக வருமா? பஞ்சான இடத்துக்கு அடியில் லினன் துண்டு வைக்கலாமா? இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணியான ஒட்டுக் கான்வாஸ் மட்டும் வேண்டாம், கம்பளி விறைத்துப்போகும்.

துணி நல்ல கனம். நீராவி இஸ்திரிக்குப் படிகிறது. இன்று இருட்டிவிட்டது, படம் நாளை பகல் வெளிச்சத்தில் போடுகிறேன்.