புதுப்பிப்பு: பம்ப் ஆயுட்காலச் செலவில் வால்வின் பங்கு

ஒரு தண்ணீர் பம்ப் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று போன பதிவில் போட்ட கணக்கு இது: மணிக்கு 100 கனமீட்டர் தண்ணீர், 30 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தள்ளும் அழுத்தம், உயரக் கணக்கில்), பம்ப் திறன் 70%, மோட்டார் திறன் 90%. சுமார் 13 கிலோவாட் இழுக்கும். 6,000 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 78,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆறேகால் லட்சம்.

இதைக் குறைக்க விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் டெலிவரி வால்வுக்கு (தண்ணீர் வெளியேறும் பைப்பில் உள்ள வால்வு) முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வையுங்கள். முன்னால் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ, பின்னால் 2 கிலோ காட்டினால், ஒரு கிலோ அழுத்தம் சுமார் 10 மீட்டர் என்பதால், 10 மீட்டர் ஹெட் வால்விலேயே வீண். அதாவது 30 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, வருடத்துக்கு 26,000 யூனிட், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் 18 டன் கார்பன் டை ஆக்சைடு.

ஃப்ளோ (மணிக்கு ஓடும் தண்ணீரின் அளவு) மாறாத லைனுக்கு விஎஃப்டி தண்டச்செலவு. இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) லேத்தில் கடைந்தாலே போதும்: விட்டத்தில் 5% குறைத்தால் பவர் ஏறக்குறைய 14% இறங்கும். கொஞ்சங்கொஞ்சமாகக் கடையுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. மேல்தொட்டி பம்பில் விஎஃப்டி போட்டு வேகத்தை அதிகம் குறைத்தால் தண்ணீர் ஏறாது, பம்ப்தான் சூடாகும்.