பதில்: ‘கிளிப்பிங்’ – நிரம்பல், எல்லைமுட்டல்

அனைவருக்கும் வணக்கம்,

பறவைப் படப்பிடிப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் மற்றவை எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டன, ‘கிளிப்பிங்’ மட்டும் இழுபடுகிறது. ஒளி மிஞ்சிப் படத்தின் ஒரு பகுதியில் நுண்ணிய வேறுபாடுகள் பதிவாகாமல் போவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். வந்த மடல்களை ஆறுதலாக வாசித்தேன். இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் கிடக்கின்றன என்றும், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்க வேண்டும் என்றும் எனக்குப் படுகிறது.

> ‘வெளுத்தல்’ போதுமே, எல்லாருக்கும் விளங்கும்.

அண்ணா, வெளுக்காமலேயே இது நடக்கிறது, அதுதான் சிக்கல். பெத்தகான ஈரநிலப் பூங்காவில் வெய்யில் ஏறிய பிறகு எடுத்த மாங்குயில் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். நெஞ்சு மஞ்சளாகவே இருக்கும். ஆனால் இறகுக்கு இறகு வேறுபாடு தெரியாமல், பெயின்ற் பூசிய சுவர் மாதிரித் தட்டையாக இருக்கும். மாங்குயிலின் பொன்மஞ்சளில் சிவப்பு கூட, பச்சை அதைவிடக் கொஞ்சம் குறைவு, நீலம் மிகக் குறைவு. ஒளி கூடக்கூட முதலில் சிவப்பு, ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்குரிய உச்ச எண்ணான 255-ஐத் தொட்டு நின்றுவிடும். பச்சை தொடர்ந்து ஏறும். உதாரணத்துக்கு, சிவப்பு 255, பச்சை 200 என்று இருந்த இடம் சிவப்பு 255, பச்சை 240 ஆகிறது. பொன்மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது. எந்த இடமும் இன்னும் வெள்ளையாகவில்லை. நீலமும் மேலே போனால்தான் வெளுப்பு, அது கடைசிக் கட்டம். ஆகவே ‘வெளுத்தல்’ என்று சொல்லிக் கொடுத்தால், பிள்ளைகள் வெள்ளையைத் தேடிக்கொண்டு இருப்பார்கள், மஞ்சள் போனதைக் கவனிக்க மாட்டார்கள்.

பொது வலையுருவரையத்தை (ஹிஸ்டோகிராம், எந்த வெளிச்ச அளவில் எவ்வளவு புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) மட்டும் பார்த்தாலும் இது பிடிபடாது. மூன்று நிறங்களையும் கலந்து ஒரே கோடாகக் காட்டும்போது சிவப்பு முட்டி நிற்பது அதற்குள் மறைந்துவிடும். கமராவில் நிறவாரியான வரையத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் கட்டாயம் எழுத வேண்டும்.

> ‘எரிதல்’ என்றுதானே எல்லாரும் கதைக்கிறோம். ‘கத்தரிப்பு’ என்றும் வைக்கலாம்.

‘கத்தரிப்பு’ ஏற்கனவே படத்தின் ஓரங்களை வெட்டுவதற்குப் போய்விட்டது. ‘எரிதல்’ பேச்சில் இருக்கட்டும். ஆனால் இருட்டறைக் காலத்திலிருந்து ‘பேர்ன்’ என்றால் அச்சில் ஒரு பகுதிக்குக் கூடுதல் ஒளி கொடுத்துக் கருமையாக்குவது. போட்டோஷொப்பிலும் அந்தக் கருவி அதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே இருட்டாக்குவதற்கும் இங்கே வெளிச்சம் மிஞ்சுவதற்கும் ஒரே சொல் வந்தால் படிப்பிக்கிறவர்கள் பாடு கஷ்டம்.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

கமராவின் உணரியில் (சென்சர்) உள்ள ஒவ்வொரு ஒளிக்கலமும் ஓர் அளவு இலத்திரன்களைத்தான் தாங்கும். அதற்கு மேல் வரும் ஒளி கணக்கில் ஏறாது. இதற்கு நிரம்பல். நிரம்பிய கரைசல், நிரம்பிய ஆவியமுக்கம் என்று இலங்கையில் பாடசாலையில் படித்த யாருக்கும் இது புதுச் சொல் அல்ல. கலம் என்பதற்கும் நிரம்புதல் என்பதற்கும் உள்ள பொருத்தத்தை நான் சொல்லத் தேவையில்லை. நிரம்பினால் மூலக்கோப்பிலும் (ஜேபெக் ஆக்குமுன் கமரா அப்படியே சேமிக்கும் ‘ரோ’ கோப்பு) தகவல் இல்லை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இரண்டாவது, கமரா வெண்சமநிலைக்காக (வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்காக) சிவப்பையும் நீலத்தையும் பெருக்கி, மாறுபாட்டையும் கூட்டி ஜேபெக் ஆக்கும்போது எண் 255-இல் முட்டுவது. ஒளிக்கலத்தில் இன்னும் இடம் இருந்திருக்கலாம். மூலக்கோப்பைத் திறந்து ஒளியளவைக் குறைத்தால் நெஞ்சு இறகு திரும்பவும் தெரியும். இதற்கு எல்லைமுட்டல். கமராத் திரையில் மினுக்கி எச்சரிப்பது பெரும்பாலும் இதைத்தான். அதைப் பார்த்துவிட்டு நல்ல படத்தை அழித்துவிடுகிறார்களே என்பதுதான் எனக்கு உண்மையான கவலை. இரண்டுக்கும் வேறு சொல் இருந்தால் “முட்டித்தான் இருக்குது, நிரம்பவில்லை, வைத்திருங்கோ” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

முதலில் வெறும் ‘முட்டல்’ என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் பேச்சில் ‘முட்ட நிரப்பு’, ‘வயிறு முட்ட’ என்றெல்லாம் வருவதால் அது நிரம்பலோடு போய்க் கலந்துவிடும். அதனால் ‘எல்லை’யையும் சேர்த்தேன்.

இதில் ஒரு நியாயமான கேள்வி எழும். ஐஎஸ்ஓவை, அதாவது உணரிச் சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, ஏற்றும்போது கலம் நிரம்புமுன்னரே பெருக்கிய சமிக்ஞை எல்லையைத் தொட்டுவிடுமே, அது எந்தப் பக்கம்? மூலக்கோப்பிலேயே தகவல் போய்விடுவதால் அதையும் நிரம்பலோடு சேர்க்கலாம் என்பது என் கருத்து. படம் எடுப்பவருக்கு மீட்கலாமா, முடியாதா என்பதுதான் முக்கியம். ‘வழிதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் பழைய சிசிடி உணரிகளில் ஒரு கலத்தின் மின்னேற்றம் உண்மையாகவே பக்கத்துக் கலத்துக்குள் வழியும். அதற்காக அந்தச் சொல்லை ஒதுக்கி வைப்போம்.

> நிறத்தின் ‘சற்றுரேசன்’ என்பதற்கும் நிரம்பல்தானே வரும்?

வரக்கூடாது. அதற்கு நிறச்செறிவு. இந்த வேறுபாடு திருத்தும் மேசையில் உடனே பயன்படும்: செறிவை ஏற்ற ஏற்ற மாங்குயிலின் சிவப்பு எல்லைமுட்டும். மஞ்சள் எடுப்பாக வேண்டுமென்றால் செறிவைத் தொடாமல், மஞ்சளின் ஒளிர்வை மட்டும் சற்று இறக்கிப் பாருங்கள். இறகின் ஓரங்கள் தெளியும், நிறமும் தானாக ஆழமாகத் தெரியும்.

களத்தில் செய்ய வேண்டியதையும் சுருக்கமாகச் சேர்க்கலாம். இருண்ட இலைப் பின்னணியில் வெய்யில் பட்ட மாங்குயில் இருந்தால், கமரா இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும். ஒளியளவு ஈட்டை (எக்ஸ்போசர் கொம்பன்சேசன்) முக்கால் ஸ்டொப்பிலிருந்து ஒரு ஸ்டொப் வரை இறக்க வேண்டும், ஒரு ஸ்டொப் இறக்கினால் ஒளி பாதியாகும். வெளிறிய வானத்துக்கு எதிரே கிளையில் இருந்தால் மறுபக்கம், ஏற்ற வேண்டும். கொழும்பில் ஒன்பது மணிக்கே சூரியன் நல்ல உயரத்துக்கு வந்துவிடுவதால் அதற்கு முன்பே முக்கியமான படங்களை முடித்துக்கொள்வது நல்லது.

இருட்டுப் பக்கத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. குண்டுக்கரிச்சானை எடுத்துக்கொள்ளுங்கள், சிங்களத்தில் பொல்கிச்சா என்பார்களே, அதுதான். வெள்ளை வயிற்றைக் காப்பாற்ற ஒளியைக் குறைத்தால் கரிய முதுகு பூச்சியத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ‘அமிழல்’ என்று ஒரு சொல் மனதில் இருக்கிறது. ஆனால் நிழலில் அமிழ்ந்ததை மூலக்கோப்பிலிருந்து ஓரளவு தூக்கலாம், கூடவே புள்ளிப்புள்ளியான இரைச்சலும் (நொய்ஸ்) வரும். நிரம்பலைப் போல அடியோடு போய்விடுவதில்லை. ஆகவே நிரம்பலுக்கு நேர் எதிர்ச்சொல்லாக இதை வைப்பது சரியா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். நிரம்பல், எல்லைமுட்டல், நிறச்செறிவு மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து