இழை: கிப்புட்ஸ், மோஷாவ் – தமிழில் எப்படி எழுதுவது?

அன்புள்ள குழுவினருக்கு,
நான் மொழிபெயர்க்கும் பொருளாதார நூலில் இஸ்ரேல் பற்றி ஓர் இயல். அங்குள்ள வேளாண் குடியிருப்பு வகைகளான கிப்புட்ஸ், மோஷாவ் இரண்டுக்கும் 'கூட்டுப்பண்ணை' என்றே எழுதிவிட்டேன், பதிப்பாசிரியர் விடமாட்டேன் என்கிறார். கிப்புட்ஸில் உழைப்பும் வருவாயும் பொது, சாப்பாட்டுக்கூடம் ஒன்று, பிள்ளைகள்கூடப் பல காலம் தனி இல்லத்தில்தான் உறங்கினார்கள். மோஷாவில் குடும்பத்துக்குக் குடும்பம் தனி நிலம். கொள்முதலும் விற்பனையும் மட்டும் கூட்டுறவு. திங்களன்று அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.
– தி.

தி. அவர்களுக்கு,
கூட்டுப்பண்ணை, சோவியத்து நாட்டில் உழவர்களைச் சேர்த்து நடத்திய கொல்கோசுக்கு எழுதி எழுதிப் படிந்துபோன சொல். அங்கே அரசின் கட்டாயம். 1910இல் கலிலேயக் கடலோரம் முதல் கிப்புட்ஸான தெகானியாவைத் தொடங்கியவர்கள் தாமாகச் சேர்ந்தவர்கள். எபிரேயச் சொல்லின் வேருக்கும் 'ஒன்றுதிரட்டு' என்றே பொருள். நம்மிடம் சேர் > சேரி இருக்கிறதே! 'பொதுச்சேரி' எனலாம். குழு, குழாம், குவி, குவை எல்லாம் ஒரு குடும்பம். கிப்புட்சில் உள்ள 'கிப்' நம் 'குவி'யோ என்றும் எனக்கு நெடுநாள் ஐயம்.
– க.

ஐயா, குவியை விடுங்கள். சேரி இன்று யாரைக் குத்தும் என்பது உங்களுக்குத் தெரியாததா? 'பொது'வும் முழுச் சரியில்லை. நிலம் கிப்புட்ஸுக்குச் சொந்தமில்லை. யூதக் குடியேற்றத்துக்கு நிலம் வாங்கிய யூத தேசிய நிதியமோ அரசோ தந்த குத்தகை. 1948இல் துரத்தப்பட்ட பாலத்தீனர்களின் நிலத்திலும் பல எழுந்தன. ஆகவே 'புதுக்குடி' என்றும் யாரும் கிளம்பவேண்டாம்.
– மா.

சோழர் காலக் கரையீடு நினைவுக்கு வருகிறது. ஊர் நிலத்தைப் பங்காளிகள் அவ்வப்போது மாற்றிப் பகிர்ந்துகொண்டார்களே. 'கரையூர்'?
– சு.

சு. அண்ணா, அங்கே பங்காளி வேறு, உழுதவன் வேறு. கிப்புட்ஸின் கொள்கையே கூலிக்கு ஆள் வைக்காமை. 1950களில் நாட்டுக்குப் புதிதாகக் குடியேறியவர்களை வேலைக்கு வைத்து அதையும் தளர்த்தினார்கள் என்பது வேறு கதை.

பண்ணை, ஊர் என்று கட்டினாலும் நிற்காது. சொட்டுநீர்க் குழாய் செய்யும் நெட்டாஃபிம் 1965இல் ஹட்செரிம் கிப்புட்ஸில் பிறந்தது. இன்று கிப்புட்ஸ்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் ஆலைதான். 1985இல் பணவீக்கத்தை அடக்க அரசு எடுத்த நடவடிக்கையில் வட்டி ஏறியது, கிப்புட்ஸ்கள் கடனில் மூழ்கின. அப்புறம் பலவற்றில் வேலைக்கேற்ற சம்பளம் வந்தது. 2007இல் தெகானியாவே மாறிவிட்டது. அரசும் இப்போது பழைய முறையில் நிற்பதைக் 'கூட்டு கிப்புட்ஸ்', மாறியதைப் 'புதுப்பித்த கிப்புட்ஸ்' என்று பிரிக்கிறது. 'கூட்டூர்' என்று வைத்தால் முதல் வகை 'கூட்டுக் கூட்டூர்' ஆகுமே, பரவாயில்லையா? ஒலிபெயர்ப்பே என் வாக்கு.
– வெ.

ஒலிபெயர்ப்பென்றால் 'கிப்புட்சு' என்றாவது எழுதுங்கள். ட் முன் ச வரலாம் என்பது தொல்காப்பிய நூன்மரபு: கட்சி, காட்சி. சிலர் எழுதும் 'கிப்புத்சு' கூடவே கூடாது. த் தன்னோடு மட்டுமே மயங்கும், அதாவது அதையடுத்து த வரிசை எழுத்தே வரும்.
– க.

நன்றி. மூவர் ஒலிபெயர்ப்புக்கு, ஒருவர் கரையூருக்கு. 'கிப்புட்ஸ்' என்றே விட்டு, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தருகிறேன். ஸ் இருக்கும், ஐயா பொறுத்தருள்க.
– தி.

பொறுக்கமாட்டேன். இரண்டாம் பதிப்பில் பார்க்கலாம்.
– க.

சரி, மோஷாவுக்கு ஒருவரும் சொல் தரவில்லையே?
– சு.