பிளஸ் ஒன் லேபில் செத்துப்போன ஊதா இலை

வாலாஜாக்காரன்

1994. வாலாஜாப்பேட்டையில் பிளஸ் ஒன் படித்தேன். மாவட்டத்துக்கு அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் என்று பெயர். ஹெட்மாஸ்டர் அறை வாசலில் தொட்டி தொட்டியாக ரியோ செடி இருக்கும். இலை மேலே பச்சை, அடியில் ஊதா. பிளாஸ்மா சிதைவு, அதாவது உப்புக்கரைசலில் செல் தண்ணீரை இழந்து உள்ளே சுருங்குவதைப் பார்க்க அதைவிட வசதியான இலை கிடையாது, சாயமே போட வேண்டாம்.

பிளேடால் லேசாகக் கீறி அடித்தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். தளம் போட்ட மாதிரி அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஊதா நிறம் தளும்ப நிற்கிறது. கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் உப்புக்கரைசலை விட்டு, எதிர் ஓரத்தில் மை ஒற்றும் தாளை வைத்து இழுத்தோம். கொஞ்ச நேரத்தில் ஊதா மூலையிலிருந்து விலக ஆரம்பித்தது. கட்டம் அப்படியே இருக்கிறது, உள்ளே இருப்பது மட்டும் சுருங்கி உருண்டையாகிறது. ‘டேய், தள்ளுடா’ என்று ஒரே அடிதடி.

அடுத்து தண்ணீர் விட்டு மீட்சியைப் பார்க்க வேண்டும். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, ஸ்லைடை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்து தண்ணீர் விட்டால் ஒரு செல்லும் விரியவில்லை. ஊதா நிறம் கசிந்து வெளுத்துக்கொண்டே போகிறது.

எல்லோரும் ஒரே குரலில் பழி போட்டது போர் தண்ணீர் மேல்தான். எங்கள் பக்கத்தில் அந்தத் தண்ணீரில் பருப்பே வேகாது. சரி என்று சார் ஒருவனை சைக்கிளில் அனுப்பி, மெக்கானிக் கடையிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவரச் சொன்னார். அதை விட்டும் விரியவில்லை. அப்புறம் புது இலையை உரித்து, உப்பில் கொஞ்ச நேரம் மட்டும் வைத்து, அதே போர் தண்ணீரை விட்டார். ஊதா மெதுவாகப் பரவிச் சுவரைத் தொட்டது!

“தண்ணி மேல தப்பில்லடா. சவ்வு உயிரோட இருந்தாத்தான் இந்த ஆட்டமெல்லாம். நீங்க சாப்பிடப் போன நேரத்துல அது செத்துடுச்சி.”

குடியாத்தம் டீச்சர்

உங்கள் சார் சொன்னதை நான் உருளைக்கிழங்கில் காட்டுவேன். கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மட்டத்தில் குண்டூசி குத்தி, தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் மட்டம் ஏறும். வேகவைத்த கிழங்கில் அப்படி ஏறாது. (பச்சைக் கிழங்கிலும் ஏறவில்லை என்றால் அடியில் யாரோ ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.) பிளாஸ்மா சிதைவுக்குப் படம் வரையச் சொன்னால் மட்டும் வருஷா வருஷம் பாதிப் பேர் செல்சுவரையும் சேர்த்துச் சுருக்கிவிடுகிறார்கள்.

ஆம்பூர்ப் பேரன்

எனக்கு இந்தப் பாடம் வீட்டுக்கதை. தாத்தா டேனரியில் வேலை செய்தவர். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பை அள்ளித் தேய்ப்பார்கள். தோலிலிருந்து தண்ணீர் வடியும், கிருமியும் பிழைக்காது. அதுவும் சவ்வூடுபரவல்தான், சவ்வு வழியாகத் தண்ணீர் உப்பு அதிகமுள்ள பக்கம் போவது. பிறகு தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு வெளியே போகும். பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டது பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. மாசு செய்தவர்தான் நஷ்டத்தையும் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது.

பாட்டியின் கொல்லையில் கனகாம்பரம் இருந்தது. பாத்தியில் தண்ணீர் நிற்கும்போதே இலை தொங்கும். ‘குடிக்க மாட்டேங்குது பாரு’ என்பார். வேருக்கு வெளியே உப்பு கூடினால் தண்ணீர் உள்ளே போகாது என்று பத்தாண்டு கழித்து வகுப்பில் கேட்டபோது அந்தச் செடிதான் கண்ணில் வந்தது. ஆனால் வாலாஜா அண்ணே, உங்கள் போர் தண்ணீர் மட்டும் எப்படித் தப்பித்தது?

வாலாஜாக்காரன்

தம்பி, ஸ்லைடில் விட்டது ஒரு சொட்டு, நின்றது பத்து நிமிஷம். நம்ம ஊர் வெயிலில் பாத்தித் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். மறுநாளும் அதே தண்ணீர், இன்னும் கொஞ்சம் உப்பு. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கவர்ஸ்லிப் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. உங்கள் பாட்டி கொல்லை மண்ணிலும் பூத்திருக்குமே, ஞாபகம் இருக்கிறதா?