பெங்களூரு 18 லட்சமா, சென்னை 12 லட்சமா?

ஓசூர்பஸ்:
நேற்று இங்கே ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருந்தார்: "சென்னையில் வருடம் 12 லட்சம் சம்பளம் வாங்குபவன் 18 லட்சத்துக்குப் பெங்களூரு போனால் மாதம் 50 ஆயிரம் மிச்சம், யோசிக்கவே வேண்டாம்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 6 லட்சத்தை 12 மாதத்தால் வகுத்துவிட்டார், அவ்வளவுதான் கணக்கு! 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய முறையில் 12 லட்சத்துக்கு வரி கிடையாது. 18 லட்சத்துக்கு செஸ் சேர்த்து 1,50,800 ரூபாய். ஆக, கையில் கூடுவது மாதம் 37 ஆயிரத்துச் சொச்சம். அப்புறம் 28 ஆயிரம் வாடகை வீட்டுக்கு 10 மாத அட்வான்ஸ், 2,80,000. முதல் வருடம் என்ன மிஞ்சும்?

கணக்குப்புலி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லித் திட்டத் தைரியம் இல்லையா? அட்வான்ஸ் செலவே இல்லை. காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். அதைச் செலவில் எழுதுபவரிடம் மேற்கொண்டு என்ன பேச?

மடிவாளா2011:
திரும்பி வருமா? பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதம் அலையவிட்டுத்தான் கொடுத்தார் எங்கள் ஓனர்.

கணக்குப்புலி:
அது பெயின்டிங் செலவு. அட்வான்ஸ் செலவு இல்லை.

தயிர்சாதம்:
நாங்கள் நகையை அடகு வைத்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தோம் தம்பி. வட்டியைப் புலி வந்து கட்டுமா?

கணக்குப்புலி:
அக்கா, வட்டி செலவு. அட்வான்ஸ் செலவு இல்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். 7 சதவீத வட்டி என்றாலும் வருடத்துக்கு 19,600, மாதம் 1,633. இதற்கா இந்த ஒப்பாரி?

தயிர்சாதம்:
அடகுக்கடையில் 7 சதவீதமா? எந்தக் கடை, சொல்லுங்கள், இப்போதே கிளம்புகிறேன்.

நங்கநல்லூர்வாசி:
தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இந்தத் தலைவலியே சென்னையில் இல்லை.

கணக்குப்புலி:
"வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்று அதே சட்டத்தில் இருப்பதை வசதியாக விழுங்கிவிட்டீர்கள். 3 மாதம் மட்டும் வாங்கும் ஓனர் நங்கநல்லூரில் இருந்தால் காட்டுங்கள், நானே குடிவருகிறேன்.

நங்கநல்லூர்வாசி:
நீங்கள் வருவது தெரிந்தால் 20 மாதம் கேட்பார். அது இருக்கட்டும், 2024 கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்த ஊர்க்காரர் சென்னையைப் பற்றிப் பேசுவதா?

மடிவாளா2011:
2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது எந்த ஊருக்கு சார்?

நங்கநல்லூர்வாசி:
வெல்லம் போட்ட சாம்பார் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு இப்படி ஆகிவிட்டது உங்களுக்கு.

ஓசூர்பஸ்:
சாம்பாரை விடுங்கப்பா. புலி இன்னும் வரிக்குப் பதில் சொல்லவில்லை. 50 ஆயிரம் எப்படி 37 ஆனது? போதாததற்கு அந்த 18 லட்சம் சி.டி.சி., அதாவது கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் ஒளிந்திருக்கும். சென்னையில் அப்பா வீட்டில் வாடகையில்லாமல் இருப்பவனுக்கு அந்த 37இல் 28 வாடகைக்கே போய்விடும்.

கணக்குப்புலி:
அப்பா வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு இந்த விவாதம்? போன தீபாவளிக்கு வீட்டுக்கடன் விவாதத்திலும் இப்படித்தான், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு பி.எஃப். பக்கம் ஓடினீர்கள். மறுபடியும் கேட்கிறேன்: அட்வான்ஸ் செலவா, இல்லையா?

தயிர்சாதம்:
குழந்தையின் ஸ்கூல் டொனேஷன்?

கணக்குப்புலி:
அக்கா, அது திரும்பி வராது. செலவு. அட்வான்ஸ் திரும்பி வரும்.

ஓசூர்பஸ்:
சரி, செலவே இல்லாத அந்த 2,80,000 ரூபாயை என் கணக்குக்கு அனுப்புங்கள். நான் வீட்டைக் காலி செய்யும் அன்று திருப்பித் தருகிறேன்.

கணக்குப்புலி:
அதற்குப் பெயர் கடன். அட்வான்ஸ் வேறு.