9 வருஷம் நியூ ஜெர்சி, இப்போது கோவைக்குத் திரும்பலாமா?

எடிசன்வாசி (கேள்வி):
வயது 33. 2016 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க வந்தவன், அப்படியே வேலை, கல்யாணம், குழந்தை என்று இங்கேயே ஓடிவிட்டது. சொந்த ஊர் கோவையில் கணபதி. கிரீன் கார்டு வரிசையில் 2021-ல் சேர்ந்தேன், ஈபி-2வில் (மேல்படிப்பு படித்தவர்களுக்கான வேலைவழிப் பிரிவு) இந்தியர்களுக்கு 2025 கடைசியில் 2013-ல் போட்டவர்களுக்குத்தான் நடந்தது, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் எச்-1பி வேலை விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த ராத்திரி மனைவியும் குழந்தையும் ஊரில் மச்சான் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களை உடனே திருப்பி அழைக்க மூன்று மடங்கு விலையில் டிக்கெட் போட்டேன், மறுநாளே ஏற்கெனவே விசா இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று விளக்கம் வந்தது. பணம் போனது கூட வலிக்கவில்லை, அந்த ஒரு ராத்திரிதான் இன்னும் உறுத்துகிறது.

2026-ல் கிளம்பலாம் என்று இருக்கிறோம். மகளுக்கு 5 வயது, அமெரிக்கக் குடிமகள், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கியாச்சு. அக்டோபருக்குப் பிறகு இறங்கினால் வரி மிச்சம் என்கிறார்கள், ஆனால் பள்ளி ஜூனில் திறக்கிறதே? 401கேயை (கம்பெனி வழியாகச் சேர்த்த ஓய்வுக்கால சேமிப்பு) என்ன செய்வது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆடிட்டர்_ஆர்எஸ்புரம்:
ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தாலே வரிக்கு ரெசிடெண்ட். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணினால் சரியாக 182 நாள், அதனால்தான் அக்டோபர் 2-ஆம் தேதி இறங்கு என்கிறார்கள். அப்படி வந்தால் அந்த நிதியாண்டு முழுக்க என்ஆர்ஐ. ஆனால் நீங்கள் மே மாதமே வந்தாலும் ஆர்என்ஓஆர் (ரெசிடெண்டுக்கும் என்ஆர்ஐக்கும் இடைப்பட்ட நிலை) தான், ஏனென்றால் முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு நீங்கள் இங்கே ரெசிடெண்ட் இல்லை. வெளிநாட்டு வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபம் எதற்கும் இங்கே வரி கிடையாது, இரண்டு நிதியாண்டு கண்டிப்பாகக் கிடைக்கும், மூன்றாவது நீங்கள் விடுமுறைக்கு வந்த நாட்களைப் பொறுத்தது. ஆக அக்டோபருக்காகக் குழந்தையை நடு வருஷத்தில் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள், லாபம் அவ்வளவு பெரியதில்லை.

நிறைய பேர் கோட்டை விடுவது என்ஆர்ஈ கணக்கில் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இங்கே போட்டு வைக்கும் என்ஆர்ஐ வங்கிக் கணக்கு). ஆர்என்ஓஆர் ஆச்சே, வட்டிக்கு வரி இல்லை என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த விலக்கு வரிச் சட்டத்தின் நாள் கணக்குப்படி இல்லை, ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) கணக்குப்படி. இங்கேயே தங்கும் எண்ணத்தோடு இறங்கிய நாளிலிருந்து நீங்கள் அதில் ரெசிடெண்ட், உடனே வங்கியில் சொல்லி சாதாரணக் கணக்காகவோ ஆர்எஃப்சியாகவோ (திரும்பி வந்தவர்களுக்கான வெளிநாட்டுப் பணக் கணக்கு) மாற்றுங்கள்.

401கேயை உடைக்க வேண்டாம், 59½ வயதுக்கு முன் எடுத்தால் 10% அபராதம். ஆர்என்ஓஆர் முடிந்ததும் அதற்கென்று உள்ள வருமான வரிப் படிவத்தைப் போட்டால், எடுக்கும் வருஷத்தில்தான் இங்கே வரி. சோஷியல் செக்யூரிட்டிக்கு (அமெரிக்க அரசு ஓய்வூதியம்) 40 கிரெடிட் வேண்டும், அதாவது சுமார் 10 வருஷ வேலை. உங்களுக்குத் தேறாது, இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தமும் இல்லை. மறந்துவிடுங்கள்.

சாய்பாபாகாலனி_அக்கா:
தம்பி, வரியெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். யார் வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே? நாங்கள் 2022-ல் டாலஸிலிருந்து வந்து நேராக மாமியார் வீட்டில் பெட்டியை இறக்கினோம். நல்ல மனிதர்கள்தான், அதில் குறையே இல்லை. ஆனால் நான் இரவு 8 மணிக்கு மருந்துக்கடை வரை போனாலும் மாமா கேட்டில் நின்றுகொண்டிருப்பார், ஒன்றும் கேட்கமாட்டார், சும்மா நிற்பார். பத்து வருஷம் தனியாகக் குடித்தனம் செய்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. ஏழாவது மாதம் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனோம், அப்புறம்தான் எல்லோருமே சிரித்துப் பேச ஆரம்பித்தோம். முதல் நாளே போயிருந்தால் "பிரிந்து போய்விட்டார்கள்" என்ற பேச்சும் வந்திருக்காது. இதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

பாப்பாவுக்குத் தமிழ் எழுத வருமா? இங்கே சிபிஎஸ்இ பள்ளியிலும் பத்தாவது வரை தமிழ் கட்டாயம், அதனால் ஒன்றாம் வகுப்பிலேயே சேர்ப்பது நல்லது, நான்காவதில் வந்து சேர்ந்த என் பையன் "ழ" போட அழுதிருக்கிறான். டாக்டர் கனவு இருந்தால் இன்னொன்று: 2021 மார்ச் 4-க்குப் பிறகு ஓசிஐ வாங்கிய பிள்ளைகள் நீட் எழுதினாலும் என்ஆர்ஐ சீட்டுக்குத்தான் போக முடியும். ஐந்து வயசுக்கு இது அதிகம்தான், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப்போனவன்:
எதிர்ப் பேச்சும் ஒன்று இருக்கட்டும். 2019-ல் வந்தேன், ஒன்றரை வருஷத்தில் மறுபடி கிளம்பிவிட்டேன். எல்லோரிடமும் அப்பா அம்மாவுக்காக வருகிறேன் என்று சொன்னேன், நானும் நம்பினேன். உண்மையில் விசா பயத்தில் ஓடி வந்தேன். வேலை அதே அமெரிக்க டீம், மாலை 6 மணிக்குக் கதவைச் சாத்தினால் ராத்திரி 12.30. அப்பா என்னைப் பார்த்தது காலைக் காபிக்கு மட்டும்தான், அதுவும் நான் பாதித் தூக்கத்தில். டல்லடித்த ஒரு நாள் அவரே சொன்னார், "நீ அங்க இருந்தப்ப ஞாயித்துக்கிழமையாவது ஒரு மணி நேரம் பேசுவ"ன்னு.

அதனால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் வேலை நேரத்தைக் கேளுங்கள். சம்பளம் பாதியானாலும் பகல் வேலை கிடைத்தால் எடுங்கள்.

பீளமேடு_பாலு:
ரெண்டு விஷயம். வந்த வாரமே சொந்தமாக ஹெல்த் பாலிசி போடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம், கம்பெனி பாலிசியை நம்பி உட்கார்ந்தால் வேலை மாறும்போது முழிக்க வேண்டும். அப்புறம் 110 வோல்ட் சாமான் எதையும் கப்பலில் ஏற்றாதீர்கள்.

எடிசன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டதை ராத்திரி மனைவியிடம் கேட்டேன். "இதைக் கேட்க உனக்கு இத்தனை நாளாச்சா" என்றாள். அவள் ஏற்கெனவே சரவணம்பட்டியில் வாடகை வீடு பார்த்து லிங்க் சேர்த்து வைத்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியாது. மே கடைசிக்கு டிக்கெட் பார்க்கிறோம். பகல் நேர வேலைக்கு இரண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

@பாலு, வீட்டில் ஓடுவது 110 வோல்ட் கிரைண்டர், அடியில் "கோயம்புத்தூர்" என்று போட்டிருக்கிறது. அங்கிருந்து கப்பலேறி வந்ததை அங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்த முடியாது. நியூ ஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் யாருக்காவது வேண்டுமா? 2 லிட்டர், கல் நல்லாயிருக்கு.